ஆடியில் போட்ட விதை

மகள் சிட்னிக்கு வேலைக்குப் போன பிறகு, ஆக்லாந்தின் ரானுயிப் பகுதி வீட்டில் வித்தியாவின் பேச்சுக்குப் பதில் சத்தம் கொடுக்க ஃபிரிட்ஜ் மட்டுமே மிச்சம். சும்மா இருக்கப் பிடிக்காமல் பல்கலைக்கழகம் போனவள், நாற்பத்தெட்டு வயதில் பூர்வகுடி மக்களின் அறிவு பற்றிய ஆனர்ஸ் படிப்புவரை வந்துவிட்டாள். லேசுப்பட்ட ஆளா!

யாழ்ப்பாணத்துப் பெண்கள் தங்கள் ஊர் அறிவை வைத்து ஆக்லாந்தில் எப்படித் தோட்டம் செய்யப் பழகினார்கள் என்பது அவளுடைய ஆய்வு. அதற்காகச் சனிதோறும் லின்ஃபீல்டில் புஷ்பவதி அக்கா வீட்டுக்குப் போனாள். போகப் போக ஆய்வு வெறும் சாட்டாகிவிட்டது. அந்தக் குசினியில், அடுப்படியில் இருந்து வாய்விட்டுக் கதைக்கத்தான் போனாள்.

ஒருநாள் அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னார். "ஆடிப்பட்டம் தேடி விதை எண்டு கேட்டு வளந்த நான், வந்த வருசம் ஆடியிலை பயித்தங்கொட்டை போட்டன். இஞ்சை ஆடியெண்டால் நடுக்குளிர் எண்டு ஆருக்குத் தெரியும்? எல்லாம் அழுகிப் போச்சு." பிறகு குரல் இறங்கியது. "இவர் என்னோடை முகம் குடுத்துக் கதைக்காத வருசம் அது. முளைச்சால் அதோடையாவது கதைக்கலாமெண்டு இருந்தன்."

ஃபோன் பதிந்துகொண்டிருந்தது. சிநேகிதி மனம்விட்டுச் சொன்னதை ஒருத்தி ஆய்வென்று எழுதுவாளா? எழுதினாளே! ஆய்வுக்கு உயிரே இந்தப் பக்கம்தான் என்று பேராசிரியை வேறு புகழ்ந்துவிட்டார்.

ஆனால் அந்தப் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பக்கம் போனால் வேறு எழுதலாம். அக்கா கோபித்துக்கொண்டால் சனிக்கிழமைக்கு எங்கே போவாள்?

வாசித்தாள். விதை அழுகிய இடத்தில் அக்கா சிரித்தார். கணவர் பற்றிய அடுத்த வரியில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது நான் உமக்குச் சொன்னது. உம்மடை படிப்புக்கில்லை."

"பிழைதான் அக்கா. எடுத்துவிடுறன்." அவர் கண்முன்னேயே பதிவையும் அழித்தாள். "இனி ஒண்டும் பதியமாட்டன். சும்மா வரட்டே?"

"வாருமன். இதென்ன கேள்வி?"

வித்தியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த சனி, ஃபோனைக் காரிலேயே விட்டுவிட்டுப் போனாள். அக்கா தேத்தண்ணியும் வடையும் வைத்தார். மழையைப் பற்றிக் கதைத்தார்கள், வீட்டு மோர்ட்கேஜ் கடன் பற்றிக் கதைத்தார்கள்.

"நேற்று இவர்..." என்று தொடங்கிய அக்கா சட்டென்று நிறுத்தினார். "இதையும் எழுதுவீரோ?"

"சத்தியமா இல்லை அக்கா."

"ஓம், ஓம். எனக்குத் தெரியும்."

வடைத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். நேற்று என்ன நடந்தது என்று சொல்லவில்லை.