காடா, வீடா: அமிர்தநாதர் இரண்டு முறை வென்ற கதை

அமிர்தநாதரை நான் ஒருநாளும் மதித்ததில்லை. காரில் ஏற்றித் திரிந்திருக்கிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கார் இருந்தும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். எண்பத்தாறில் இந்தப் பனி நாட்டுக்கு அகதியாக வந்து பார்க்டேலில் ஆறு பேருடன் ஓர் அறையில் கிடந்து, பிறகு டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்தார். கார் நிறுத்துமிடம் ஒன்றில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து ரிக்கெற் கொடுப்பது வேலை. அந்த வேலையில் நான் குறை காண மாட்டேன். அங்கே இருக்கும் நேரமாவது வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சனி, ஞாயிறு வந்தால் பட்டுச் சால்வையும் தொண்டைக்கு உறிஞ்சும் மிட்டாயுமாகப் புறப்பட்டுவிடுவார். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கடை திறப்பு என்று எங்கே மைக் இருக்கிறதோ அங்கே அவரும் இருப்பார். ஒரு செத்தவீட்டில் செத்தவரின் பெயரையே மாற்றிச் சொல்லி, அதற்கும் சனத்தை அழவைத்த மனிதர்.

ஆனால் அவருடைய இராச்சியம் பட்டிமன்றம்தான். எந்தப் பக்கம் பேசுவது என்பதை அன்றைக்கு மேடைக்குப் பின்னால் சீட்டெடுத்துத்தான் தீர்ப்பார்கள். மற்றவர்கள் சீட்டைப் பிரித்ததும் பேப்பரும் பேனையும் தேடி ஓடுவார்கள். இவர் பிரித்துப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தேத்தண்ணி கேட்பார்.

"எந்தக் கட்சி விழுந்தால் என்ன, தம்பி," என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். "மனுசன் தான் நம்பிறதைப் பேசினால் குரல் நடுங்கும். நம்பாததைத்தான் வடிவாய்ப் பேசலாம்."

இதைப் பெருமையாகச் சொன்னார் என்பதுதான் விசேஷம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு எங்கள் சனத்துக்குப் பிள்ளைகளைப் பற்றிய பயம் பிடித்திருந்தது. பெடியள் பிளாசாக்களில் அடிபடுகிறார்கள், பெட்டையள் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு ஷொப்பிங் மோலில் நிற்கிறார்கள். அடங்காத பிள்ளைகளை மாதக் கணக்கில் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்துத் திருத்தும் முகாம்கள் இருக்கின்றன என்று யாரோ பேப்பரில் படித்துவிட்டு வந்தார்கள். சில பள்ளிக்கூடங்களே அனுப்பச் சொல்கின்றனவாம். அது நல்லது என்று ஒரு கூட்டம், அது பிள்ளைகளைச் சித்திரவதை செய்யும் வேலை என்று இன்னொரு கூட்டம். சித்திரை விழாவுக்குச் சங்கம் தலைப்பு வைத்தது: வழிதவறும் பிள்ளைகளைத் திருத்த ஏற்ற இடம் காடா, வீடா? எதுகை சரியாக விழுந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தத் தலைப்பு ஒருத்திக்கு மட்டும் விளையாட்டில்லை. அவள் பெயர் பேர்ணடெற். மன்னாரில் புருஷனை இழந்து, நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உண்மையான காட்டுக்குள்ளால் இரவிரவாக நடந்து உயிர்தப்பியவள். இப்போது மில்லிக்கனில் ஒரு பேக்கரியில் பாண் அடுக்குகிறாள். அந்தப் பிள்ளைதான் ஸ்டெபனி. வயது பதினைந்து. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிப்பாள், சிகரெட் பிடிப்பாள், தாய் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்துவாள். ஒருநாள் பொலிஸ் கொண்டுவந்து விட்டது. வடக்கே சட்பரிக்கும் அப்பால், காட்டுக்குள் ஒரு முகாமில் இடம் இருக்கிறது, கையெழுத்து வைத்தால் கோடை முழுக்க வைத்திருப்பார்கள் என்று பள்ளிக்கூடத்து ஆலோசகர் சொல்லியிருந்தார். வைப்பதா, விடுவதா என்று இவளுக்குத் தெரியவில்லை. படித்த மனிதர்கள் விவாதித்துத் தீர்ப்புச் சொல்லப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலைக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் வந்து குந்தியிருந்தாள்.

அமிர்தநாதருக்குக் காடு விழுந்தது. காடு என்றால் என்னவென்று இந்த மனிதருக்குத் தெரியுமா? சங்கத்துப் பிக்னிக்கில் நுளம்பு கடிக்கிறது என்று என் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசிவரை இருந்தவர். மேடையில் ஏறியதும் ஆளே மாறிவிட்டார். "காட்டுக்குப் போன பிள்ளைகள் புராணத்தில் சிம்மாசனத்தோடு திரும்பி வந்தார்கள்! வீட்டில் இருந்த பிள்ளைகளின் பெயர் உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? தாயே, உன் சேலைத் தலைப்பை விடு! உன் பிள்ளையை மரங்கள் வளர்க்கட்டும்!" மண்டபம் அதிர்ந்தது. வீட்டுக்காகப் பேச வந்த டீச்சர் பாவம், பேப்பரைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுக் கதிரையில் போய் இருந்துவிட்டார். நடுவர் குலசிங்கம் ஊரெல்லாம் வீடு விற்றுப் பிழைக்கிறவர். அவரே காடுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் றோல்ஸுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்த இடத்தில் பேர்ணடெற் அவரைத் தேடி வந்தாள்.

"அண்ணை, என்ர பிள்ளையை உப்பிடி ஒரு இடத்துக்கு அனுப்பச் சொல்லுகினம். நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதானே? நம்பி அனுப்பலாமோ?"

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அவர் சீட்டில விழுந்ததைப் பேசினவர். வீடு விழுந்திருந்தால் வீட்டுக்கும் உப்பிடித்தான் முழங்கியிருப்பார்," என்றேன்.

அமிர்தநாதர் வாயில் இருந்த றோலை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "உவன் சின்னப் பெடியன், பேசாமல் இருக்கட்டும். நீங்கள் துணிஞ்சு அனுப்புங்கோ, தங்கச்சி. பிறகு என்னை நினைப்பியள்."

சும்மா ஒரு கைதட்டலுக்காகப் பேசினேன் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? சொல்லவில்லை. சுற்றி நின்ற நாலுபேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேர்ணடெற் கையெழுத்து வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டெபனி போனாள். செப்டெம்பரில் திரும்பி வந்தபோது அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். சத்தம் இல்லை, சிகரெட் இல்லை. சொன்ன இடத்தில் இருந்தாள். மாதா கோயிலில் அக்காமார் தாயின் கையைப் பிடித்து, "கர்த்தர் கண் திறந்திட்டார்," என்றார்கள். அமிர்தநாதர் போகுமிடமெல்லாம், "நான் சொல்லி அனுப்பின பிள்ளை," என்று அளந்துகொண்டு திரிந்தார்.

தாய் மட்டும் வேறொன்றைக் கண்டாள். பிள்ளை பாத்றூம் வாசலில் நின்று, போகலாமா என்று கேட்டாள். ஃபிரிட்ஜைத் திறக்கக் கேட்டாள். தண்ணீர் குடிக்கக் கேட்டாள். படுக்கப்போகும் முன் தன் சப்பாத்துகளைக் கழற்றிக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்தாள். தப்பி ஓடாமல் இருக்க முகாமில் பின்னேரமானதும் எல்லாருடைய சப்பாத்தையும் வாங்கி வைத்துவிடுவார்களாம். வேண்டாம் என்று தாய் திருப்பிக் கொடுத்தால், என்ன பிழை செய்தேன் என்று நின்று நடுங்கினாள். தாய் வாங்கி வைக்கப் பழகிக்கொண்டாள்.

வேறு யாரிடம் போவாள்? அமிர்தநாதரிடம்தான் போனாள். நான் அன்றைக்கு அவரை வீட்டில் இறக்கிவிட்டு வாசலில் நின்றேன்.

"அண்ணை, அவள் முந்தி என்னோட சண்டை பிடிப்பாள். இப்ப சண்டை பிடிக்கவும் என்னட்டைக் கேப்பாள் போல கிடக்கு. எனக்குப் பயமாய் இருக்கு."

"சப்பாத்தை ஒழுங்காய்க் கழட்டி வைக்கிறது நல்ல பழக்கம்தானே, தங்கச்சி," என்றார் அவர். சொல்லிவிட்டுச் சப்பாத்து விஷயத்தை இன்னொரு தரம் விளக்கமாகச் சொல்லச் சொன்னார். அக்கறை என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த சித்திரைக்கும் சனம் அதே தலைப்பைத்தான் கேட்டது. முகாம் சரியா பிழையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மேடைக்குப் பின்னால் இந்த முறை அமிர்தநாதருக்கு வீடு விழுந்தது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறிதட்டியது.

"அண்ணை, பேர்ணடெற்றும் மகளும் வந்திருக்கினம். அவையின்ர கதையை மட்டும் எடுக்காதேங்கோ."

"பேர் சொல்லமாட்டன், தம்பி. நான் என்ன பண்பு தெரியாதவனோ?"

பெயர் சொல்லவில்லைதான். சப்பாத்துகளைச் சொன்னார். பாத்றூம் வாசலைச் சொன்னார். தண்ணீருக்குக் கைகட்டி நிற்கும் ஒரு பெண்பிள்ளையின் குரலை நடித்தே காட்டினார். "காடு எங்கள் பிள்ளையின் காலைப் பறித்ததா? இல்லை. ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடிக்கும் ஆசையைப் பறித்தது!" என்று குரல் உடைந்து நிறுத்தியபோது பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அந்தப் பிள்ளையை அனுப்பச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. பேர்ணடெற் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். யாருடைய கதை என்று பாதி மண்டபத்துக்குத் தெரியும்.

நடுவர் குலசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "தீர்ப்பு வீடுதான்! உப்பிடியொரு பேச்சுக்கு எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்ட வேணும். எழும்புங்கோ!"

முதலில் எழும்பியது ஸ்டெபனி. நிமிர்ந்து நின்று மேடையைப் பார்த்துத் தட்டினாள். பிறகுதான் மற்றவர்கள் எழும்பினார்கள். அமிர்தநாதர் நெஞ்சில் கைவைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்தார். சனம் தட்டி ஓய்ந்து, கதிரைகளை இழுத்துக் குந்தி இருந்தபிறகும் ஒரு சோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

பேர்ணடெற் மகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "கதிரையில இரு பிள்ளை. அந்தாள் உன்ரை கதையைத்தான் சொன்னவர். விளங்கேல்லையே?"

"ஐ நோ, அம்மா," என்றாள் ஸ்டெபனி, கையை நிறுத்தாமல். "பட், எழும்பச் சொன்னவை இன்னும் இருக்கச் சொல்லேல்ல."