பிரிட்ஜில் வைத்த தங்கம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். ஐயப்பன்தாங்கலில் குடியிருந்தோம். என் மனைவி அப்போது ஆராய்ச்சி மாணவி. தங்கத்தில், கண்ணுக்கே தெரியாத அளவில், குட்டிக் குட்டிக் குச்சிகள் செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. தங்கம் என்றதும் நானும் ஆசையாக எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கலந்த டிகாக்‌ஷன் மாதிரி இரண்டு சின்னக் குப்பிகள், அவ்வளவுதான்! ஆனால் அது அவளுடைய ஆறு மாத உழைப்பு. மறுநாள் காலை வேறொரு கல்லூரியின் மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்க்க, நெடுநாள் காத்திருந்து நேரம் வாங்கியிருந்தாள்.

முதல்நாள் சாயங்காலமே குப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். வீடோ அடுப்பாகக் கொதித்தது. கெட்டுப்போய்விடுமே என்று, பெரிய புத்திசாலி போல நானே எடுத்து பிரிட்ஜில் வைத்தேன். அவளிடம் சொல்லவும் மறந்துவிட்டேன்.

காலையில் எடுத்தால், குப்பிக்குள் ஊசி ஊசியாக வெள்ளையாய் ஏதோ உறைந்து கிடந்தது. அவள் முகம் வெளிறிப்போனது. நான் பதறிப்போய் வெந்நீர் வைக்கப் போனேன்.

“ஐயோ, வேணாங்க! ரொம்ப சூடு பட்டா குச்சியெல்லாம் உருண்டையாயிடும்” என்று தடுத்தாள். குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் சோப்பு மாதிரியான பொருள்தான் குளிரில் உறைந்திருக்கிறதாம். இளஞ்சூட்டில் கரைந்துவிடும். ஆனால் குச்சிகள் பிழைத்தனவா என்பது மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு குப்பியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். இன்னொன்றை அவள் வைத்துக்கொண்டாள். அப்படியே பஸ் ஏறினோம்.

“இன்னா சார், கையில முட்ட வச்சு குஞ்சு பொரிக்கிறியா?” என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டெல்லாம் சிரித்தது. விஷயத்தைச் சொன்னதும், என் சட்டைப்பையிலிருந்து அவரே சில்லறையை எடுத்துக்கொண்டு டிக்கெட்டைச் செருகினார். டிரைவரைப் பார்த்து, “அண்ணாத்தே, பள்ளத்துல மெதுவா உடு. இங்க தங்கம் கீது!” என்று குரல் கொடுத்தார்.

பூந்தமல்லி வருவதற்குள் வெள்ளை கரைந்திருந்தது. அவள் மைக்ராஸ்கோப் அறைக்குள் போன பிறகு, வெளியே நான் வேண்டாத தெய்வமில்லை. இரண்டு மணி நேரம் கழித்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “குச்சி குச்சியாவே இருக்குங்க” என்றாள்.

அன்று முழுக்க அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். கெடுத்தவன் கையிலேயே தன் உழைப்பில் பாதியை நம்பிக் கொடுத்தாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்குகிறது.