பொட்டு வைத்த பம்பு

எங்கள் குடியிருப்பில் ஆயுதபூஜை அன்று கார்களை வரிசையாக நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். இந்த வருஷம் செக்ரட்டரி சார் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "பெரியவரே, நீங்க பழைய மெக்கானிக். உங்க கையால ஆரம்பிச்சு வெச்சா ராசி" என்றார். விரல் நடுங்குது சார் என்று சொல்லிவிட்டேன். விரல் ஒன்றும் நடுங்கவில்லை. அன்று காலையில்கூட ஏழு இட்லியைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்ட விரல்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது. டீசல் புகையும் சந்தன வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. தனித்தனியாக வந்தால் இரண்டும் என்னை ஒன்றும் செய்யாது. சேர்ந்து வந்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகிற வழியில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. எதிரில் விறகுத் தொட்டி. விறகு வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர் என் வேலையை வேடிக்கை பார்த்துவிட்டு, விறகை மறந்து வீட்டுக்குப் போய் அடி வாங்குவார்கள். அந்தப் பக்கமெல்லாம் அப்போது ஏரிப் பாசனம். ஊருக்கு நாலைந்து டிராக்டர் இருக்கும், எல்லாம் அப்பன் காலத்து வண்டிகள். அவற்றைச் செய்தவன் எங்கள் ஏரி மண்ணைப் பார்த்திருக்க மாட்டான். மழை பெய்தால் அது மண் இல்லை, கோந்து. வண்டி பாதி வயலில் உட்கார்ந்துவிடும்.

அதனால்தான் என்னிடம் வருவார்கள். "மேஸ்திரி, இன்னும் கொஞ்சம் இழுக்கிற மாதிரி பண்ணிக் குடு." ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டுவதுதான் என் வித்தை. சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவேன். எஞ்சினுக்கு டீசலை அளந்து ஊட்டுகிற பம்பைக் கழற்றிவிட்டு, பெரிய வண்டியின் பம்பை வைப்பேன். பெரிய கவளம் போட்டால் பெரிய இழுவை, அவ்வளவுதான் சங்கதி. நான் மூணாங்கிளாஸ். பம்பின் மேல் அடித்திருக்கும் எழுத்தெல்லாம் எனக்குக் கோலம் மாதிரி. ஓட்டைக்கு ஓட்டை வைத்துப் பார்ப்பேன். பொருந்தினால் முகூர்த்தம்.

அப்படி நான் செய்து வைத்ததில் முதல்தரமான முகூர்த்தம் கோவிந்தன் அண்ணனின் நீல வண்டி. செம்பாக்கம் ஏரிக்குக் கீழே அவருக்கு நிலம். எண்பதுகளில், புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பெரிய பம்பு கிடைத்தது. அதை மாட்டிய பிறகு அந்த வண்டி, கேஜ் வீல் என்று சொல்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு சேற்றில் எருமை மாதிரி போகும். ஒரே ஒரு குறை. சும்மா நிற்கும்போது மூன்று அடி சீராக அடிக்கும், நாலாவதில் ஒரு விக்கல். நானும் திருப்பாத திருகு இல்லை, அது போகவில்லை.

"தண்ணி குடு மேஸ்திரி அதுக்கு. விக்குது பாரு" என்பார் சரோஜா அக்கா. கோவிந்தன் அண்ணனின் மனைவி. அண்ணன் ஓட்டுவார், அக்கா வரப்பில் நின்று காதாலேயே வண்டியைப் பார்த்துக்கொள்வார். "கியர மாத்துய்யா, அழுவுது" என்று அங்கிருந்தே குரல் வரும். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆயுதபூஜைக்கு எல்லோரும் வண்டியின் முகத்தில் பொட்டு வைத்தால், அக்கா மூடியைத் திறந்து பம்புக்கு வைப்பார். கேட்டால், "மூஞ்சியா இழுக்குது? இதான இழுக்குது" என்பார். வருஷா வருஷம் வைத்து, அந்த இரும்பில் சந்தனம் ஓடு மாதிரி ஏறியிருந்தது. நடுவில் மோதிர விரலால் வைத்த சின்னக் குங்குமப் பொட்டு.

தொண்ணூறுகள் பிறந்ததும் பச்சைமலை அடிவாரம் வரைக்கும் வீடுகள் வந்துவிட்டன. தண்ணீர் வரவில்லை. என் கூட்டாளி வேலு ஒரு டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கோவிந்தன் அண்ணனுடையதைப் போலவே அதே கம்பெனி, அதே வயசு வண்டி. மலையோரத்து மேட்டுத் தெருவில் பாதி ஏறும், பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். மேலே குடத்தோடு நிற்கிற பெண்கள் வேலுவைத் திட்டுவார்கள். வேலு டீக்கடையில் வந்து என்னைத் திட்டுவான்.

"பெரிய மேஸ்திரின்னு சொல்லிகினு திரியிற மச்சான். ஒரு மேடு ஏத்த முடில உன்னால."

பத்துப் பேருக்கு முன்னால் சொன்னான். எனக்குக் காது சூடாகிவிட்டது. "பத்து நாள்ல ஏத்திக் காட்றேன், பாரு" என்றேன்.

புதுப்பேட்டைக்கு நாலு நடை நடந்தேன். அந்த மாதிரி பம்பு கிடைக்கவில்லை. ஆனால் கோவிந்தன் அண்ணனின் வண்டி என் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தது. கோடையில் உழவு இல்லையே, பிஸ்டன் ரிங் மாற்றி வை என்று விட்டுவிட்டுப் போயிருந்தார். மழைக்கு முன்னால் மாட்டிவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்? மேட்டுத் தெருப் பிள்ளைகளும் குளிக்கட்டும். மனசு இருக்கிறதே, அது நல்ல வக்கீல்.

பம்புகளை மாற்றினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வேலுவுக்குப் போகிற பெரிய பம்பிலிருந்து சந்தன ஓட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் துடைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சந்தனம் எடுத்து வந்து, டீக்கடைப் பால் கலந்து குழைத்து, அண்ணன் வண்டிக்கு வைத்த சின்னப் பம்பில் தடவினேன். பழசு மாதிரி தெரியட்டும் என்று விளக்குப் புகையும் காட்டினேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. சாமிக்குப் பயப்படாமல் செய்தேன். மனிதருக்குத்தான் பயம்.

வேலு மேட்டில் ஏறினான். நிறைத் தொட்டியோடு, ஒரே மூச்சில். தெருவே கை தட்டியது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று தண்ணீர் வண்டிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஆடி வந்தது, அண்ணன் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பம்பைக் கொடு என்று வேலுவிடம் கேட்க வாய் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். மழையே வந்துவிட்டது.

கோவிந்தன் அண்ணன் கணுக்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். "இன்னா மேஸ்திரி, வண்டி குந்திகிச்சு. அசைய மாட்டேங்குது."

"வயசாயிடுச்சுண்ணே அதுக்கு" என்றேன். "எஞ்சினு தேஞ்சி போச்சு. இனிமே எவ்ளோ செலவு பண்ணாலும் அவ்ளோதான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குந்தான் ஆச்சு" என்று சிரித்தார். என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. நான் தன்னைக் குறை சொல்லிவிடுவேன் என்று பயந்தவர்போல, "நாந்தான் மட்டமான டீசல ஊத்திட்டேன் போல" என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துச் சரோஜா அக்கா வந்தார். கொட்டகையில் வேலு உட்பட ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

"மேஸ்திரி, நம்ம வண்டி ரோட்ல போவுது."

"உன் வண்டி வயல்ல இல்ல நிக்குது?"

"வயல்ல நிக்கறது தகரம். வேலு வண்டிக்குள்ள கீறது நம்ம வண்டி. கடையாண்ட நின்னுகினு இருந்தேன், அது வந்து நின்னுச்சு. மூணு அடி, ஒரு விக்கல். எனக்குத் தெரியாதா?"

வேலு தொடையில் தட்டிச் சிரித்தான். "யக்கோவ், அப்டியே எம் பொண்டாட்டி இப்போ எங்க கீறான்னு காத வெச்சிச் சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன் என்பதுதான் இன்றுவரை அறுக்கிறது. "டீசல் வண்டி எல்லாம் ஒரே மாதிரிதான் கத்தும், அக்கா. வா, உன் பம்பு உன் வண்டிலதான் கீதுன்னு காட்றேன்" என்று வயலுக்கே கூட்டிப்போய் மூடியைத் திறந்தேன். "பாரு, நீ வெச்ச பொட்டு."

அக்கா குனிந்து பார்த்தார். நான் வைத்த பொட்டு கட்டை விரல் அகலம். அக்கா தன் மோதிர விரலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பொட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு வரப்பேறிப் போய்விட்டார்.

அந்த வருஷம் நடவு பாதிதான் ஆயிற்று. தையில் வண்டியை விற்றார்கள். அடுத்து நிலத்தை விற்றார்கள். விலை ஏறிக்கொண்டிருந்தது, எப்படியும் விற்றிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். விற்காமலும் இருந்திருக்கலாம். வண்டிக்கு வயசாயிடுச்சு என்று நம்பியபடியே கோவிந்தன் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

வேலு பிறகு லாரி வாங்கினான். டிராக்டர் பழைய இரும்புக்குப் போனபோது அந்தப் பம்பை மட்டும் கழற்றிக்கொண்டேன். கோணியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் இத்தனை வருஷம் கிடக்கிறது. கொட்டகை போய், வீடு மூன்று முறை மாறியும் அது கூடவே வந்தது.

போன வருஷம் அதைப் பையில் போட்டுக்கொண்டு சரோஜா அக்காவின் மகன் வீட்டுக்குப் போனேன். மருமகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "வா மேஸ்திரி. காது ரெண்டும் போயிடுச்சு. கிட்ட வந்து கத்து."

அவர் காதருகே குனிந்தேன். "அக்கா, அன்னிக்கி நீ சொன்னது நெசம்."

"இன்னா?"

"நீ சொன்னதுதான் நெசம்னேன்."

"இன்னா சொல்றான் இவன்?"

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க, அப்பதான் கேக்கும்" என்றாள் மருமகள், துருவுவதை நிறுத்திவிட்டு. பக்கத்து வீட்டம்மா எனக்கு உதவியாக டிவியை அணைத்தாள். வீடு முழுக்க நான் பேசுவதற்காகக் காத்திருந்தது.

"சோறு துன்னியாக்கா?" என்று கத்தினேன்.

"ஆச்சு, ஆச்சு" என்றார் அக்கா. மருமகளிடம் திரும்பி, "இவுருதான் நம்ம வண்டிக்கு உசுரு வெச்சவரு" என்று சொன்னார். பாதிதான் சொன்னார். மீதிப் பாதி தெரிந்து சொல்லவில்லையா, மறந்துவிட்டாரா என்று அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. காப்பி குடித்துவிட்டுப் பையோடு எழுந்து வந்துவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஓட்டுகிற பையன் கண்ணாடியில் பார்த்து, "பையில இன்னா பெருசு, அவ்ளோ கனமா?" என்றான்.

"டிராக்டர் பம்பு."

"டிராக்டரா? எங்க கீது வண்டி?"

வெளியே பார்த்தேன். ஏரிக்குக் கீழே வந்திருந்தோம். நாலு மாடி, அஞ்சு மாடி, ஒரு மருந்துக் கடை. "இங்கதான் நின்னுகினு இருந்துச்சு" என்றேன்.

நான் இறங்குகிற இடம் என்று நினைத்து அவன் ஓரமாக நிறுத்திவிட்டான். நான் இறங்கவில்லை. அவன் காத்திருந்தான். புது ஆட்டோ போலிருக்கிறது. எஞ்சினில் மூன்று அடி கேட்டேன், நாலாவதும் கேட்டேன், விக்கல் இல்லை. எல்லாம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா, நீ போ" என்றேன்.