கதவோர நாற்காலி

டின்னர் என்றால் ராத்திரிச் சாப்பாடுதானே, அதற்கு எதற்கு மூன்று கூட்டம் போட்டுப் பேச வேண்டும் என்று அப்பா கேட்டார். அத்தை கையிலிருந்த நோட்டில் ‘வெள்ளை மேசைத்துணி’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கீரனூருக்கும் திருச்சிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில், மாதா கோவில் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு டீச்சர். அந்தக் கோவில் பங்கின் இளையோர் குழுவுக்குச் செயலாளரும் அவள்தான். எனக்குப் பத்து வயது. அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போவேன், அவள் சேலை கட்டும்போது மடிப்பைப் பிடிப்பேன், அவள் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதப் பழகுவேன். இன்று என் கையெழுத்தைப் பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்றால் அந்தப் பாராட்டில் பாதி அவளுக்குப் போக வேண்டும்.

அத்தை திருச்சியில் கல்லூரி முடித்த வருஷம் அவள் வகுப்புக்கு ஒரு ஹோட்டலில் பிரிவு விருந்து கொடுத்தார்களாம். நீளமான மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு சின்ன அட்டை, அதில் உட்கார வேண்டியவரின் பெயர். யார் பக்கத்தில் யார் என்று அட்டை சொல்லிவிடும், நாம் யோசிக்க வேண்டியதில்லை. அத்தைக்கு அந்த அட்டை மனசில் ஒட்டிக்கொண்டது. நம் ஊரிலும் ஒருநாள் அப்படி ஒன்று நடத்திவிட வேண்டும் என்று நின்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கேரல் பாடி வசூலித்ததில் மிச்சமிருந்ததுதான் மொத்தக் கஜானா. அதில் கோழியும் அரிசியும் வாங்கலாம், ஹோட்டலை வாங்க முடியாது. ஆகவே அத்தை ஊரைத் துழாவினாள். பள்ளிக்கூடத்து டெஸ்க்குகளைச் சேர்த்துப் போட்டால் மேசை. ஆளுக்கொரு வேட்டி கொண்டுவந்து விரித்தால் மேசைத்துணி. கரையை உள்ளே மடித்துவிட்டால் வேட்டி என்று யாருக்கும் தெரியாது. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா ராத்திரியில் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டு நின்ற மெழுகுவர்த்திகளின் மிச்சம் எல்லா வீட்டு அலமாரியிலும் கிடந்தது, அதையெல்லாம் திரட்டிவிட்டோம். கன்னியர் மடத்தில் முள்கரண்டி பதினெட்டு இருந்தது. ஆட்கள் இருபத்து நான்கு. மீதி ஆறு பேர் கரண்டியாலேயே சமாளிக்க வேண்டியது. பூவுக்குப் பள்ளிக்கூட வேலியின் காகிதப்பூ. பெயர் அட்டைக்கு, வீட்டில் ஆணியில் குத்தி வைத்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெறும்பக்கம்.

கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான், “டீச்சர், எலையே போட்டுட்டா கழுவுற வேலை மிச்சம்ல?”

“எலை போட்டா அது பந்தியாயிரும்டா,” என்றாள் அத்தை. “பந்தி வேணாம்.”

ஏன் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அந்த அறையில் எல்லாருக்கும் காரணம் தெரியும், என்னைத் தவிர. எனக்குப் பந்தி தெரியும், அவ்வளவுதான். திருவிழாச் சாப்பாட்டில் முதல் பந்தி மேலத்தெரு ஆண்கள். அடுத்தது மேலத்தெருப் பெண்கள், இடுக்கில் எங்களைப் போன்ற வாண்டுகள். அதற்குப் பிறகு கீழத்தெருக்காரர்கள், கதவுப் பக்கமாக. யாரும் அறிவித்ததில்லை, யாரையும் அதட்டியதில்லை. கோவிலுக்குள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினோம், வெளியே வந்ததும் அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. செருப்பை வாசலில் விடுவது எப்படியோ அப்படி.

கோவிலில் பாட்டுக்கு வாசித்தது கீழத்தெருவைச் சேர்ந்த ஓர் அண்ணன். கீரனூரில் எலக்ட்ரிக் கடையில் வேலை பார்த்துச் சேர்த்து, பழைய கீபோர்டு ஒன்றை வாங்கித் தானே பழகியவர். எங்களுக்கு அவர் கீபோர்டு அண்ணன். பாடகர் குழுவில் அத்தை நான்கு வருஷமாக அவருக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். அந்த ஏப்ரலில் அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. டின்னர் ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விமானம் புதன்கிழமை.

நடந்ததை அத்தை என்னிடம் சொன்னது பதினைந்து வருஷம் கழித்து. சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சி முடிந்து ஒயரைச் சுருட்டும்போது அவர் கேட்டிருக்கிறார். “போறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சர். இல்லைன்னாலும் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

அத்தைக்கு வாயைத் திறந்து சொல்லும் துணிச்சல் என்றைக்குமே கிடையாது, எழுத்தில்தான் அவளுக்குத் தைரியம். “நாளைக்கு ஒங்க அட்டை எங்க இருக்குன்னு பாருங்க,” என்று சொல்லியிருக்கிறாள். “எனக்கு எதிர்த்தாப்ல இருந்துச்சுன்னா சரின்னு வச்சுக்கங்க.”

அவர் கேட்பதற்கு முன்பிருந்தே, அந்த ஒரு அட்டைக்காகத்தான் இருபத்து நான்கு அட்டை, அத்தனை வேட்டி, அத்தனை மெழுகுவர்த்தி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஒரே நேரத்தில், ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். 

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பறை ஆளே மாறியிருந்தது. கரும்பலகையைச் சேலையால் மறைத்திருந்தோம். அத்தை அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, நாலெட்டு பின்னால் போய் நின்று பார்த்தாள். எனக்கும் ஓர் அட்டை எழுதியிருந்தாள். பந்தியில் இடுக்கில் திணிக்கப்பட்டே வளர்ந்தவளுக்கு, தன் பெயர் போட்ட ஒரு நாற்காலி. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

“நான் மேலுக்குத் தண்ணி ஊத்திட்டு சேலை மாத்திட்டு வாரேன். ஒருத்தரையும் உள்ள விட்றாத, என்ன?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

நான் மட்டும் அறையில் இருந்தேன். பெரிய உத்தியோகம் கிடைத்த மிதப்பில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, எல்லாம் தப்பாக இருந்தது. ஓர் அக்காவுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணன், மறுபடி ஓர் அக்கா. மேலத்தெரு நடுவே கீழத்தெரு. பாவம், அத்தை அவசரத்தில் சீட்டுக் குலுக்கிய மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், எல்லாரும் வந்து பார்த்தால் சிரிப்பார்களே என்று பதறிப்போனேன்.

சரி செய்ய எனக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மேசைத் தலைப்பில் இருந்த பங்குச் சாமியாரின் நாற்காலியிலிருந்து மேலத்தெரு, அது முடிந்த பிறகு கீழத்தெரு. யார் எந்தத் தெரு என்று நான் ஒரு தடவை கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பத்து வயதில் பெருக்கல் வாய்ப்பாடு கூட எனக்கு அவ்வளவு சரளமாக வராது. கீபோர்டு அண்ணனின் அட்டையை அத்தைக்கு எதிரேயிருந்து எடுத்து, கதவோரத்துக் கடைசி நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். அத்தைக்கு எதிரே ஆண்கள் வரிசையில் ஓர் இடம் மிஞ்சியது. நான் சின்னப் பிள்ளைதானே, பரவாயில்லை என்று என் அட்டையை அங்கே வைத்துக்கொண்டேன்.

அத்தை திரும்பி வந்தபோது தனியாக வரவில்லை. சாமியார், பங்குப் பேரவையில் இருந்த அப்பா, வாசலில் காத்திருந்த பாதிப் பேர் எல்லாரும் கூடவே நுழைந்தார்கள். தீப்பெட்டியோடு மேசையருகே வந்தவள் அப்படியே நின்றாள். அவள் கண் அட்டை அட்டையாகப் போய்க் கதவோரத்தில் முடிந்தது.

அப்பாவும் பார்த்தார். டின்னர் என்ற பேச்சு எடுத்த நாளிலிருந்தே அவர் முகத்தில் ஒரு இறுக்கம் இருந்தது. அது இப்போது இல்லை. “அடடே, நான் என்னமோன்னு நெனச்சேன். நல்லா ஒழுங்காத்தான் பண்ணிருக்க,” என்றார். அத்தையின் கை ஓர் அட்டையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து நின்றது. பிறகு அவள் குனிந்து மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்தாள். முதல் குச்சி அணைந்துவிட்டது.

கீபோர்டு அண்ணன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டே தங்கள் பெயரைத் தேட, அவர் நேராக அத்தையின் நாற்காலிக்கு எதிரே போனார். அட்டையை எடுத்தார், வாசித்தார், என் பெயர். கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பார்த்தார். இப்படி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே கதவு வரைக்கும் போனார். எழுத்தெல்லாம் அத்தையின் அழகான எழுத்து. அவருடைய தெருப் பையன் ஒருவன், “இங்கிட்டு வாண்ணே, நம்ம எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கோம்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார்.

டின்னர் நன்றாகவே நடந்தது. சித்திரை வெக்கையில் சுடச்சுடத் தக்காளி சூப், டீக்கடைக் கண்ணாடி கிளாஸில். மூன்று தவணையாகச் சாப்பாடு வரும் என்று தெரியாமல் இரண்டு பேர் சூப்போடு எழுந்து கை கழுவப் போனார்கள். இன்னொருவன் சூப்பைக் குடிக்காமல் பத்திரமாக வைத்திருந்து, ஃபிரைடு ரைஸ் வந்ததும் ரசம் மாதிரி ஊற்றிப் பிசைந்தான். சாமியாருக்கே புரை ஏறிவிட்டது. எதிரே அத்தை மட்டும் சிரிக்கவில்லை. முள்கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், பிடித்த விதம் சரியாக இருந்தும் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள்.

எட்டு மணிக்கு முன்னால் எல்லாரும் கிளம்பினார்கள். கீபோர்டு அண்ணன் தன் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். எழுத்து பிடித்திருக்கிறது போல என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

“ரொம்ப அழகா இருந்துச்சு டீச்சர்,” என்றார். “வாரேன்.”

“ம்,” என்றாள் அத்தை.

புதன்கிழமை அவர் போனார். இரண்டு வருஷம் கழித்து அத்தைக்குத் திண்டுக்கல் பக்கம் கல்யாணம் ஆனது. மாமா நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கல்யாண வரவேற்புக்கு நாற்காலிக்கு நாற்காலி பெயர் அட்டை வைக்கலாமா என்று நான் சாதாரணமாகக் கேட்ட அன்றுதான், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். 

“நான் மாத்தி வச்சேன்னு அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிருக்கலாம்ல அத்தே?”

“என்னன்னு சொல்ல?” என்றாள். “மாத்துனது நீதான். திருப்பி வைக்க எனக்கும் ரெண்டு கை இருந்துச்சுல்ல? ஒங்கப்பா நிக்கிறாருன்னு சும்மா நின்னேன். அந்த அட்டையில அவரு படிச்சது சரியான பதில்தான்டி.”

 வரவேற்பில் நாங்கள் அட்டை வைக்கவில்லை.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அந்த டின்னர் முடிந்து எல்லாரும் போன பிறகு இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான். நானும் அத்தையும் வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தோம். பாராட்டு இன்னும் வரவில்லையே என்று பொறுக்க முடியாமல் நானே சொன்னேன், “அத்தே, அட்டையெல்லாம் நாந்தான் சரி பண்ணி வச்சேன். நீங்க மாத்தி மாத்தி வச்சிருந்தீங்க.”

அத்தை என்னைப் பார்த்தாள். என் தலையில் கை வைத்தாள். “அப்படியாடி தங்கம்,” என்றாள்.

பிறகு கதவோரத்துக்குப் போய், அங்கே விரித்திருந்த வேட்டியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கீபோர்டு அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வேட்டியில் மெழுகு ஒழுகி உறைந்திருந்தது. அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். வெகுநேரம் சுரண்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இரவல் வாங்கிய வேட்டி வீணாகிவிட்டது என்றுதான் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டேன்.

“அழாதீங்க அத்தே,” என்றேன். “காகிதம் வச்சு இஸ்திரி போட்டா எல்லாம் போயிரும்.”