அவள் என்னிடம் சொல்லாதது

ஞாயிறு மதியங்களில் எங்கள் ஊர் ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு பேக்கரி மாடியில் நாங்கள் ஐந்து பேர் கூடிக் கதை விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இரண்டு வருடமாகக் கதை நடத்தியது நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் வெறும் கணக்கு டீச்சர். அந்த மேசையில் மட்டும் என்னைக் கொஞ்சம் பெரிய ஆளாக நினைத்துக்கொள்வேன்.

என் தோழி தலைச்சோலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட இளையவள், ஆஸ்பத்திரி நர்ஸ். என் கதைகளில் பேயும் பிணமும் தாராளமாக வரும். ஒருமுறை கிணற்றில் மிதந்த குழந்தையை நான் வர்ணித்துக்கொண்டிருந்தபோது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டாள். அடுத்த மூன்று வாரமும் டியூட்டி என்றாள். நம்பினேன்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெண் எங்களோடு சேர்ந்தாள். இங்கே வீடு எடுத்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். பரீட்சைப் பேப்பர் திருத்துவதில் நான் திணறிக்கொண்டிருந்த மாதம், "நான் நடத்தட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். சரி என்றேன்.

முதல் நாளே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தாள். கதையில் எது வரவே கூடாது என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னாள். மேசை நடுவில் ஒரு சிவப்பு அட்டையை வைத்தாள். "கஷ்டமா இருந்தா இதைத் தொடுங்க. அந்த இடத்தை விட்டுட்டு வேற பக்கம் போயிடலாம். ஏன்னு கேட்க மாட்டேன்."

எல்லாரும் பெரியவர்கள்தானே, இது எதற்கு என்று தோன்றியது. என் சீட்டை வெறுமையாகவே மடித்துக் கொடுத்தேன். தோழி எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

என் மேசையில் தயங்கித் தயங்கிப் பேசியவள், அந்தப் பெண்ணின் கதையில் கொள்ளைக்காரியாகிக் குரலை மாற்றி அதட்டினாள். சமோசாத் தட்டை முதலில் அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். இதையெல்லாம் கவனிக்கிற வயசா எனக்கு? கவனித்தேன்.

மூன்றாவது வாரம் எங்கள் பாத்திரங்கள் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்தன. "அந்தத் தொட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறேன்" என்றேன். அந்த வீட்டில் தொட்டிலே கிடையாது. தோழியின் சீட்டில் என்ன இருக்கும் என்று அதற்குள் ஊகித்திருந்தேன். தெரிந்தேதான் சொன்னேன். அட்டையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், என்னிடம் சொல்வாள் என்று நினைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அட்டையைத் தொட்டாள்.

"சரி, இங்க தொட்டில் இல்ல. வாசல்ல குதிரைச் சத்தம் கேக்குது. என்ன செய்யறீங்க?" என்றாள் அந்தப் பெண், ஒன்றுமே நடக்காதது போல. தோழி பகடையைக் கையில் எடுத்தாள். இந்த முறை எழுந்து போகவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றேன்.

"சொன்னா ஏன், எப்பன்னு கேப்பீங்கக்கா. அந்தப் புள்ள கேக்கல. அது எனக்கு நொம்ப சௌரியமா இருந்துச்சுங்க." கொஞ்ச தூரம் போய்க் கேட்டாள். "அந்தத் தொட்டிலை வேணும்னேதான் சொன்னீங்களா?"

"ஆமா" என்றேன்.

பஸ்ஸில் ஏறி, என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு மாதம் கழித்துக் கதை நடத்தும் முறை மறுபடி எனக்கு வந்தபோது, நானும் சீட்டு கொடுத்தேன். ஒன்றில் அவள் கையெழுத்து. 'குழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.' அவளுக்கு என்ன நேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

அந்தக் கதை முடியும் வரை ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தாள், நன்றாகவும் ஆடினாள். முடிந்த அன்று பையை எடுத்துக்கொண்டே, "அந்தப் புள்ள மறுபடி எப்பங்கக்கா நடத்தும்?" என்று கேட்டாள்.

அடுத்த மாசம் என்றேன். வயிறு எரிந்தது.