ஓதி ஊதும் மூச்சு

உத்திரமேரூரை அடுத்த கிராமத்தில் என் கணவர் பள்ளிவாசல் இமாம். மார்க்கக் கல்வி முடித்த ஆலிம். ஊருக்கு அவர் ‘அசரத்து’. மாலைத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, கழனி வேலை முடித்த பெண்கள் கைக்குழந்தைகளோடு வாசலில் நிற்பார்கள். நோய்நொடி அண்டாமலிருக்க அவர் குர்ஆன் வசனம் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதுவார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாலை, ஊதப்போனவர் இருமினார். தோள்துண்டில் ரத்தம்.

காஞ்சிபுரத்தில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று) என்றார். ஊசி, மாத்திரை, ஓராண்டுக்கு மேல். இவர் கேட்டது ஒன்றைத்தான்.

“குழந்தைங்களுக்கு ஓதி ஊதலாமா டாக்டர்?”

“கூடவே கூடாது. உங்க மூச்சுலதான் கிருமி இருக்கு.”

பஸ்ஸில் அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஊதிய பிள்ளைகளை நினைத்துக் கலங்குகிறார் என்று எனக்குத் தெரியும். என் பயம் வேறு: விஷயம் வெளியே வந்தால் ஊர் எங்களை ஒதுக்கிவிடாதா? “சளின்னு சொல்லிடுங்க” என்றேன்.

அன்று மாலையே வாசலில் நின்று போட்டு உடைத்தார். “எனக்கு டி.பி. கீதும்மா. கிட்ட வராதீங்க. பிள்ளைங்கள ஆஸ்பத்திரில காட்டிடுங்க.” எனக்கு வந்த கோபத்தில் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் வாசல் காலி. களையெடுக்கும் அஞ்சலை மட்டும் இடுப்பில் பிள்ளையோடு தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“ஊத வேணாம் அசரத்து. அங்கியே நின்னு ஓது. கொயந்த கேட்டுக்கினு இருக்கட்டும்.”

நல்லவேளை, எந்தப் பிள்ளைக்கும் நோய் ஒட்டவில்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இருமல் சீக்கிரமே அடங்கும். மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்திவிடாதீர்கள். இவரும் அடம்பிடித்தார், நான் விடவில்லை.

கடைசிச் சளிப் பரிசோதனையில் (சளியில் கிருமி உண்டா என்று பார்ப்பது) ஒன்றுமில்லை. “இனி தாராளமா ஊதுங்க” என்று டாக்டர் சிரித்தார். பெண்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஆனால் இவர் ஓதி முடித்ததும் உதட்டை இறுக்கிக்கொள்வார். என்னோடு பேசும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் எனக்குத் தலைவலி. அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“எனக்கு ஊதுங்க.”

“டாக்டர் சொல்லிட்டாரு. என் மனசு கேக்க மாட்டேங்குதே.”

“எனக்குத்தானே? ஊதுங்க.”

கண்களை மூடிக்கொண்டேன். ஓதும் குரல் கேட்டது, பிறகு நின்றது. நோய் நாட்களில் அவர் இருமலை வைத்தே பொழுதை அறிந்துகொண்டிருந்த எனக்கு, அந்த அமைதி எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நெற்றியில் வெதுவெதுப்பாகக் காற்றுப் பட்டது. அழுதுவிட்டேன்.

“இன்னொரு தரம்” என்றேன்.