காக்காவின் வலது கால்

எங்கள் அண்ணன்மாரில் மூத்தவரான காக்காவுக்குத் திடீரென்று ஊர்ச் சனத்தின் மேல் பாசம் பொங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். உப்பளத்தில் வேலை முடிந்து வருகிறவர் வழியில் ஒவ்வொரு வீட்டு வாசல் கடப்படியிலும் நின்று கதை கொடுத்தார். வாழ்நாளில் யாரோடும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர். "எலெக்சன் கேக்கப் போறீங்களா?" என்று நான் நக்கலடித்தேன். சிரித்துவிட்டுப் போனார். நடந்தால் வலது கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, அதை மறைக்கத்தான் இந்தக் கதையெல்லாம் என்று மதினிக்குக்கூடத் தெரியாது.

பெருவிரலில் வந்த புண் ஆறாமல் கறுத்த பிறகுதான் டொக்டரிடம் வந்தார். புத்தளத்தில் பார்த்துவிட்டு வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த இரத்தக்குழாய் டொக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், துடிப்பே இல்லை. தொடையில் குழாய் அடைபட்டிருக்கிறது, அதே காலிலிருந்து ஒரு இரத்த நரம்பை எடுத்து அடைப்புக்கு மேலும் கீழும் தைத்து, இரத்தம் போக மாற்றுவழி போடலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இனி சிகரெட்டைத் தொட்டால் கால் போய்விடும். சிங்களத்தில் அவர் சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் தமிழில் சொன்னேன். காக்கா "ஓம், ஓம்" என்றார்.

காலையில் ஒபரேஷனுக்குக் கொண்டுபோனவரைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மதினி போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டார். "சூடா இருக்கு" என்றவர் அங்கேயே அழுதுவிட்டார். நானும் தொட்டேன். மாதக்கணக்காக ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் மாதிரிக் குளிர்ந்திருந்த கால் அது. நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு ஓடி வந்தது. அல்லாஹ்வே, அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! டொக்டரின் கையைப் பிடித்தவன் விட மனமில்லாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் முழுதாகப் போகவில்லை, கிணற்றுக்குப் பின்னால் புகை மணத்தது. கையும் களவுமாகப் பிடித்தேன். மூத்தவர் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் கோபப்படவேயில்லை. ஒரு நாளைக்கு ஒன்று மட்டும்தான் என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னார். பிடுங்கி எறிந்தேன். எறிந்து என்ன செய்ய? நான் வேலைக்குப் போனதும் மறுபடி கடைக்கு ஆள் அனுப்புவார்.

பிறகு ஒருநாள் விடியற்காலை சுபஹோடு கால் பொறுக்க முடியாமல் வலித்து, அப்படியே மரத்துப்போயிருக்கிறது. வாய் திறந்தாரா? நான் ஏசுவேனாம்! அதற்குப் பயந்து தைலம் தடவிப் போர்வைக்குள் மூடிக்கொண்டு பொழுதுபட்டு மஃரிபு வரை படுத்துக் கிடந்தார். நாங்கள் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே வெளிறி, விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அதே டொக்டர் மறுபடி திறந்து பார்த்தார். தைத்த நரம்பு நெடுக இரத்தம் உறைந்திருந்தது. காலைத் தொடையோடு எடுக்காவிட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வெட்டியெடுத்த காலை ஆஸ்பத்திரியில் விட்டுவர மாட்டோம். துணியில் சுற்றி மையவாடியில் அடக்குவதுதான் எங்கள் வழக்கம். எங்கே அடக்குவது என்பதுதான் என் கவலை. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரை விட்டு விரட்டப்பட்டு வந்ததிலிருந்து காக்கா சொல்வது ஒன்றுதான்: பிழைப்பு புத்தளத்தில் நடக்கட்டும், மௌத்தானால் மன்னாரில் வாப்பாவின் பக்கத்தில் அடக்குங்கள். அதற்கு எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தார். ஆகவே ஒபரேஷனுக்கு முன்னால், மன்னாருக்குக் கொண்டுபோக வேன் பேசட்டுமா என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரம் ஒரு காலுக்கா?" என்றார். "புத்தளத்துலயே அடக்கு."

சரி என்றேன்.

"பொறகு என்னயும் அதுக்குப் பக்கத்துலயே வச்சிருங்க. பாதி அங்க பாதி இங்க கிடக்க ஏலாதுடா. மன்னார்க் கதைய இனி விடுங்க."

அப்படிச் சொல்லாதீங்க காக்கா என்று கெஞ்சினேன். அவர் காது கொடுக்கவில்லை.

வெள்ளைத் துணியில் சுற்றிய காலை மடியில் வைத்துக்கொண்டு வேனில் புத்தளம் வந்தேன். நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மையவாடியில் சின்னக் குழி போதும் என்றார்கள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று சொன்னேன். எவ்வளவு என்று குழி வெட்டியவர் கேட்டார். ஒரு ஆள் அளவுக்கு என்றேன். மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து மதினியின் போன் கோல் வந்தது. காக்கா கண் விழித்துவிட்டாராம், பசிக்கிறது என்கிறாராம், என்ன கொடுக்கலாம் என்று கேட்டார்.